கருவியும் சான்றும்

உடல்நலம் காக்கும் பொறுப்பிற் பெரும்பகுதியைக் கருவிகளிடம் ஒப்படைக்கும் காலத்தில் நாம் வாழ்கிறோம். கைக்கடிகாரம் நாடித்துடிப்பை எண்ணுகிறது. கைத்தொலைபேசி மாத்திரை விழுங்கும் வேளையை நினைவூட்டுகிறது. நோயாளி கூறும் குறிகளைக் கேட்டு நோயின் பெயரைச் சொல்லும் கணினி நிரல்களும் வந்துவிட்டன. ரொறன்ரோவிலும் லண்டனிலும் வாழும் பிள்ளைகள் அனுப்பிய கருவிகளை இன்று நல்லூரின் வீடுகளிற் காணலாம். தனித்திருக்கும் தாயின் குருதி அமுக்கம் கடல் கடந்த மகனின் கைத்தொலைபேசியில் இலக்கமாகத் தோன்றுகிறது. இதில் பிள்ளையின் அன்பும் உண்டு. கம்பனியின் வியாபாரமும் உண்டு.

இக்கருவிகளைப் பற்றி நம்மிடையே இருவகையான கருத்துகள் நிலவுகின்றன. யந்திரம் வந்துவிட்டால் வைத்தியர் பற்றாக்குறை தீர்ந்துவிடும், கிராமத்துக்கும் நகரத்துக்கும் உள்ள வேற்றுமை மறைந்துவிடும் என்று ஒரு சாரார் நம்புகின்றனர். இவையெல்லாம் பணம் பறிக்கும் வித்தைகள் என்று மறுசாரார் ஒதுக்குகின்றனர். இரு சாராரும் ஒரு வேலையைச் செய்வதில்லை. ஆராய்ச்சி என்ன கூறுகிறது என்று அவர்கள் கேட்பதில்லை. ஒரு கருவி பயன் தருகிறது என்று கூற எத்தகைய சான்று வேண்டும்? அச்சான்றைச் சீர்தூக்கிப் பார்க்கும் பொறுப்பு யாருடையது? இவற்றை நிபுணர்களின் தொழில் விவகாரம் என்று விட்டுவிட முடியாது. இவை சமுதாய அறத்தைச் சார்ந்த கேள்விகள் என்பதே நமது கருத்து.

வைத்தியத்தில் சான்று கேட்கும் இயக்கம் எவ்வாறு வளர்ந்தது என்பதை முதலில் நினைவிற் கொள்ளவேண்டும். அதன் முன்னோடிகளுள் ஒருவர் ஆர்ச்சி கொக்ரேன் என்ற பிரித்தானிய வைத்தியர். மாணவப் பருவத்தில் ஸ்பெயின் உள்நாட்டுப் போரில் குடியரசின் பக்கம் நின்று வைத்தியப் படைப்பிரிவில் பணிபுரிந்தவர். இரண்டாம் உலகப் போரில் ஜேர்மனியரின் கைதியாக இருந்து சக கைதிகளுக்கு வைத்தியம் செய்தவர். பயனுள்ள சிகிச்சை அனைத்தும் இலவசமாதல் வேண்டும் என்ற வாசகத்தைத் தாங்கி 1930களில் ஊர்வலம் சென்ற அவர், பிற்காலத்தில், எந்தச் சிகிச்சை பயனுள்ளது என்பதை நாம் எவ்வாறு அறிகிறோம் என்ற கேள்வியை எழுப்பினார். 1972இல் அவர் வெளியிட்ட நூல் இக்கேள்வியை உலகின் முன் வைத்தது. ஆராய்ச்சி முடிவுகளைத் திரட்டி மதிப்பிடும் அமைப்பொன்று 1993இல் அவர் பெயரால் நிறுவப்பட்டது. சான்று கேட்பது செல்வரின் ஆடம்பரம் அன்று என்பதை இவ்வரலாறு காட்டுகிறது. இலவச வைத்தியத்தைக் கோரிய மனிதனே சான்றையும் கோரினான். பயனற்ற ஒன்றைப் பொதுப்பணத்தில் வழங்கினால், பயனுள்ள ஒன்று ஏழைக்கு மறுக்கப்படுகிறது அல்லவா?

இலங்கைக்கு இது வெறும் தத்துவம் அன்று. 2022ஆம் ஆண்டில் நாடு கடனைத் திருப்பிச் செலுத்த இயலாது நின்றபோது அரச வைத்தியசாலைகளில் அத்தியாவசிய மருந்துகளுக்கும் தட்டுப்பாடு ஏற்பட்டது. இந்த நிலையில் ஒரு கருவிக்குச் செலவிடும் ரூபா, ஒரு மருந்துக்கோ ஒரு தாதியின் சம்பளத்துக்கோ செலவிடப்படாத ரூபா ஆகும்.

இனி ஆராய்ச்சிகளைப் பார்ப்போம். தமிழ்நாட்டிலும் ஆந்திராவிலும் நீரிழிவின் விளிம்பில் நின்ற 537 ஆண் தொழிலாளரைக் குலுக்கல் முறையில் இரு பகுதியாகப் பிரித்தனர். உணவு பற்றியும் உடற்பயிற்சி பற்றியும் இரு பகுதியினருக்கும் ஆலோசனை கூறப்பட்டது. ஒரு பகுதியினருக்கு மட்டும் அதை நினைவூட்டும் குறுஞ்செய்திகள் கைத்தொலைபேசிக்கு அனுப்பப்பட்டன. 2013இல் வெளியான முடிவின்படி, இரண்டாண்டுகளில் குறுஞ்செய்தி பெற்றோரில் 18 வீதத்தினரும் பெறாதோரில் 27 வீதத்தினரும் நீரிழிவுக்கு ஆளாயினர். மலிவான கருவி, தெளிவான பயன். யந்திரத்தை முற்றாக வெறுப்போர் இதற்கு விடை கூறவேண்டும். ஆயினும் இந்த ஆராய்ச்சியில் பெண்கள் இல்லை. சொந்தக் கைத்தொலைபேசியும் நிலையான வேலையும் இல்லாதோரும் இல்லை. அவர்களுக்கும் இப்பயன் கிட்டும் என்று இச்சான்றைக்கொண்டு கூற முடியாது.

அடுத்தது அரியானாவிலும் கர்நாடகத்திலும் 40 சமுதாய சுகாதார நிலையங்களில் நடந்தது. குருதி அமுக்கமோ நீரிழிவோ உடைய 3,698 பேர் அதிற் பங்குகொண்டனர். பாதி நிலையங்களில் எந்த மருந்தை எவ்வளவு கொடுப்பது என்று ஆலோசனை கூறும் கணினி நிரல் வைக்கப்பட்டது. மற்றப் பாதியில் அந்நிரல் இல்லை. பயிற்சி பெற்ற தாதியும் சிகிச்சை முறைகளை விளக்கும் அட்டவணைகளும் இருந்தன. ஓராண்டின் பின் பார்த்தபோது இரு பகுதியிலும் நோயாளரின் நிலை முன்னேறியிருந்தது. இரண்டுக்குமிடையே குறிப்பிடத்தக்க வேற்றுமை இல்லை. 2019இல் வெளியான இம்முடிவை நாம் ஆழ்ந்து நோக்கவேண்டும். ஒப்பிடுவதற்கு மற்றப் பகுதி இல்லாதிருந்தால், அந்த முன்னேற்றம் முழுவதும் கணினியின் சாதனை என்று விளம்பரம் செய்யப்பட்டிருக்கும். தாதியின் உழைப்பு யந்திரத்தின் பெயரில் எழுதப்பட்டிருக்கும். உழைப்பவனின் பலனைப் பிறர் தம் கணக்கில் வரவு வைப்பது வயலிலும் தொழிற்சாலையிலும் மட்டும் நடக்கும் காரியம் அன்று. எதனோடு ஒப்பிட்டீர்கள் என்ற கேள்வி, அந்த உழைப்பைக் கண்ணுக்குப் புலப்படச் செய்கிறது.

மூன்றாவது ஆராய்ச்சியில் இலங்கையும் பங்குகொண்டது. வங்காளதேசம், பாகிஸ்தான், இலங்கை ஆகிய நாடுகளின் கிராமப்புறங்களில் உயர் குருதி அமுக்கமுள்ள 2,645 பேரிடையே அது நடந்தது. அரசின் சமுதாய சுகாதாரப் பணியாளர் பயிற்சி பெற்று வீடு வீடாகச் சென்றனர்; குருதி அமுக்கத்தை அளந்தனர்; அறிவுரை கூறினர்; வேண்டியவரை வைத்தியரிடம் அனுப்பினர். இரண்டாண்டுகளின் பின், வழமையான பராமரிப்புப் பெற்றோரைவிட இவர்களின் குருதி அமுக்கம் 5.2 மில்லிமீற்றர் கூடுதலாகக் குறைந்தது என 2020இல் வெளியான முடிவு கூறுகிறது. இங்கும் கருவி இருந்தது. குருதி அமுக்கத்தை அளக்கும் சாதாரணக் கருவி. அதைச் சுமந்துகொண்டு படலையைத் திறந்து வந்த மனிதரும் இருந்தார்.

நல்லூர் மக்களுக்கு அந்த மனிதர் புதியவர் அல்லர். 1926இல் களுத்துறையில் முதலாவது சுகாதாரப் பிரிவு அமைக்கப்பட்ட காலந்தொட்டு இலங்கையெங்கும் வளர்ந்த பொதுச் சுகாதார முறையின் ஓர் அங்கமாகக் குடும்பநல உத்தியோகத்தர்கள் கர்ப்பிணிகளையும் குழந்தைகளையும் வீடு தேடிச் சென்று பார்க்கின்றனர். தாய் மரணமும் சிசு மரணமும் இந்நாட்டிற் குறைந்த வரலாற்றில் அவர்களின் கால்நடைக்குப் பெரும் பங்குண்டு. 1990களின் முற்பகுதியில் குடாநாடு மின்சாரமும் தொலைபேசியும் இன்றி, துவிச்சக்கரவண்டியின் டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்டு ஆண்டுக்கணக்கில் வாழ்ந்தது. மின்சாரத்தை நம்பிய எந்தக் கருவியும் அன்று மக்களுக்கு உதவியிராது. புதிய கருவி எதுவும் இந்த மனித உழைப்போடு ஒப்பிடப்படவேண்டும், வெற்றிடத்தோடு அன்று.

பயன் உண்டு என்று நிறுவிய பின்னும் யாருக்கு என்ற கேள்வி எஞ்சி நிற்கிறது. விரல் நுனியிற் பொருத்தி இரத்தத்தின் ஒட்சிசனை அளக்கும் கருவியைக் கொரோனாக் காலத்தில் உலகமே நம்பியது. 2020 டிசம்பரில் அமெரிக்க ஆய்வாளர் வெளியிட்ட முடிவு அதிர்ச்சி தந்தது. கருவி நல்ல அளவைக் காட்டியபோதும் உண்மையில் ஒட்சிசன் ஆபத்தான அளவுக்குக் குறைந்திருந்தோர், வெள்ளையரில் 3.6 வீதமாகவும் கறுப்பினத்தவரில் 11.7 வீதமாகவும் இருந்தனர். கருவி ஒளியைத் தோலினூடே செலுத்தி அளக்கிறது. தோலின் நிறம் அந்த அளவைப் பாதிக்கிறது. கருமை நிறங்கொண்ட நாம் இதை அயலார் செய்தியாகப் படித்துவிட்டுப் போக முடியுமா?

2019இல் வெளியான இன்னோர் ஆய்வு இதனினும் ஆழமான உண்மையை உணர்த்தியது. எந்த நோயாளிக்குக் கூடுதல் கவனிப்புத் தேவை என்று தெரிவு செய்ய அமெரிக்காவில் ஒரு கணினி நிரல் பயன்பட்டது. ஒருவரின் வைத்தியத்துக்கு எவ்வளவு செலவாகும் என்பதையே அவருடைய நோயின் அளவாக அது கொண்டது. வறுமையாலும் ஒதுக்கலாலும் வைத்தியசாலைக்குக் குறைவாகச் சென்ற கறுப்பினத்தவர், அதன் கணக்கிற் சுகதேகிகளாயினர். பிழையைத் திருத்தினால், கூடுதல் கவனிப்புப் பெறுவோரில் அவர்களின் பங்கு 17.7 வீதத்திலிருந்து 46.5 வீதமாக உயரும் என்று ஆய்வாளர் கண்டனர். அந்த நிரலில் இனத்தின் பெயரே இல்லை. ஆயினும் சமுதாயத்தின் அநீதி இலக்கமாக மாறி அதனுள் நுழைந்துவிட்டது. ஒரு நாட் கூலியை இழக்க அஞ்சிக் கிளினிக்குக்குப் போகாத தோட்டவேலைப் பெண்ணும் கடற்றொழிலாளியும் நம்மிடையே உள்ளனர். வருகைப் பதிவை மட்டும் எண்ணும் யந்திரம் அவர்களை நோயற்றோர் என்றுதானே கருதும்?

மொழியும் இக்கேள்வியில் அடங்கும். 1847இல் இலங்கைக்கு வந்து மானிப்பாயிற் பணியாற்றிய அமெரிக்க வைத்தியர் சாமுவேல் கிறீன், மேலைநாட்டு வைத்தியத்தைத் தமிழிற் கற்பித்தார். வைத்திய நூல்களைத் தமிழில் ஆக்கினார். நோயாளியின் மொழியை அறியாத அறிவு அவனிடம் சென்று சேராது என்பதை அவர் உணர்ந்திருந்தார். ஆங்கிலத்தில் மட்டும் பேசும் கருவியை நம்மவரிடம் நீட்டுவோர், அவர் கண்ட உண்மையை மறந்தோர் ஆவர்.

இவ்வளவு சான்று கேட்டுக் காலம் தாழ்த்தினால், அதற்கிடையில் இறப்போருக்கு யார் பொறுப்பு என்று சிலர் வினவலாம். கேள்வி நியாயமானது. தாமதமும் ஒரு செயலே, அதற்கும் விலையுண்டு. ஆனால் பரிசோதிப்பதும் பயன்படுத்துவதும் ஒன்றையொன்று தடுப்பவை அல்ல. சில இடங்களில் முதலில் வழங்கி, மற்ற இடங்களோடு ஒப்பிட்டு, பயன் தெரிந்தபின் பரப்பலாம். அவ்வாறு செய்யாமல் விட்டதன் விளைவை உகண்டா கண்டது. வெளிநாட்டு நன்கொடையாளரின் சோதனைத் திட்டங்கள் ஒன்றோடொன்று தொடர்பின்றிப் பெருகியதால், 2012இல் அந்நாட்டுச் சுகாதார அமைச்சு அத்தகைய திட்டங்களை இடைநிறுத்த நேர்ந்தது. உலக சுகாதார நிறுவனமும் 2019இல் வெளியிட்ட வழிகாட்டலில் இக்கருவிகளிற் சிலவற்றை நிபந்தனைகளோடு மட்டுமே பரிந்துரைத்தது. இயங்கும் சுகாதார முறைக்கு அவை மாற்றாகா என்றும் தெளிவுபடுத்தியது.

கருவி யாருடைய உடைமை என்பதும் நோக்கற்பாலது. நிறவெறி ஆட்சி வீழ்ந்த தென்னாபிரிக்காவில், பிளவுண்டிருந்த சுகாதாரத் தகவல்களை ஒன்றுசேர்க்க 1990களில் ஒரு மென்பொருள் தோன்றியது. பின்னர் நோர்வேயின் ஒஸ்லோ பல்கலைக்கழகம் அதை வளர்த்து, எவரும் இலவசமாக எடுத்து மாற்றியமைக்க வழிசெய்தது. 2020 தொடக்கத்தில் இலங்கைப் பொறியியலாளரும் வைத்தியரும் அதனைக் கொரோனாக் கண்காணிப்புக்கு ஏற்ப விரைவில் அமைத்தனர்; அவர்களின் ஆக்கத்தைப் பிற நாடுகளும் பின்பற்றின. பூட்டி விற்கப்படும் கருவியில் இது இயலாது. அதன் உட்கணக்கை மக்கள் பரிசோதிக்கவும் முடியாது. பெயர்ப்பட்டியல் ஒன்றில் இடம்பெற்றதாலேயே உயிருக்கு அஞ்சி வாழ்ந்த காலத்தைக் கண்ட நம் மக்களுக்கு, தம் உடலின் விவரம் யார் கையிற் சேர்கிறது என்று கேட்கும் உரிமை இரட்டிப்பாக உண்டு. 2022இல் இயற்றப்பட்ட தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் அவ்வுரிமையை ஏட்டில் ஏற்றுள்ளது. ஏட்டில் உள்ளதை நடைமுறைக்குக் கொண்டுவருவது மக்களின் விழிப்பைப் பொறுத்தது.

ஆசிரியரும் மாணவரும் இதிற் செய்யக்கூடியது என்ன? ஒரு கருவியைப் பற்றிய புகழுரை காதில் விழும்போது நான்கு கேள்விகளைக் கேட்கப் பழகவேண்டும். எதனோடு ஒப்பிட்டார்கள்? யாரைச் சேர்த்தார்கள், யாரை விட்டார்கள்? பயனுக்குப் பின்னால் யாருடைய உழைப்பு இருக்கிறது? முடிவை வெளியிட்டவருக்கு அதனால் இலாபம் உண்டா? இவற்றைக் கேட்க வைத்தியப் பட்டம் வேண்டியதில்லை. பள்ளிக் கணிதத்தில் வீதம் கற்ற மாணவன் இவ்வாராய்ச்சிகளின் சாரத்தை விளங்கிக்கொள்ள முடியும். 1978 முதல் யாழ்ப்பாணத்தில் ஒரு மருத்துவ பீடம் இயங்குகிறது. கருவிகளை நம் மக்களிடையே, நம் மொழியில், குடும்பநல உத்தியோகத்தரின் பணியோடு ஒப்பிட்டு ஆராய்ந்து, முடிவு சாதகமாயினும் பாதகமாயினும் அதனைத் தமிழில் மக்கள்முன் வைக்கும் கடமை அத்தகைய நிறுவனங்களுக்கு உண்டு. அதைக் கேட்டுப் பெறும் கடமை நமக்கு உண்டு.