யார் பெயரில் தர்மம்?

2020, ஊரடங்கு சமயம். வடமதுரையில் அக்கா வீட்டில் மாட்டிக்கொண்டேன். வீட்டில் ஒரே ஒரு பிராட்பேண்ட் இணைப்பு. மச்சானின் கம்ப்யூட்டர், மருமகனின் லேப்டாப், என் லேப்டாப் மூன்றும் அந்த வைஃபையில்தான் ஓடின.

ஒருநாள் காலை, பக்கத்து வீட்டுப் பொண்ணு வாசலில் வந்து நின்றாள். பத்தாம் வகுப்பு.

'மாமா, நெட் பேக் தீந்துபோச்சு. ஆன்லைன் கிளாஸ் இருக்கு. வைஃபை பாஸ்வேர்டு சொல்றீங்களா?'

சொல்ல வாயெடுத்தேன். 'இரு மாப்ளே' என்று மச்சான் தடுத்தார்.

'தண்ணி கேட்டா இல்லேம்போமா? இதுவும் அப்படித்தானே?' என்று அக்காவுக்குக் கோபம்.

அக்கா சொன்னதில் நியாயம் இருக்கிறது. இந்தப் பக்கம் ஒரே கிணற்றில் அண்ணன் தம்பிகளுக்குப் பங்கு உண்டு. 'கிணற்றில் கால் பங்கு' என்று பத்திரத்திலேயே எழுதுவார்கள். முறை வைத்துத் தண்ணீர் பாய்ச்சுவார்கள். வைஃபையும் ஏறக்குறைய முறைத் தண்ணீர்தான். ஒரு கருவி பேசும்போது மற்றவை காத்திருக்கும். கண் இமைப்பதற்குள் முறை மாறிவிடுவதால் நமக்குத் தெரிவதில்லை.

ஆனால், ஒரு வித்தியாசம். கிணற்றில் தண்ணீர் எடுப்பவர் முகம் ஊருக்கே தெரியும். வைஃபையில் தெரியாது. வீட்டுக்குள் ஒவ்வொரு கம்ப்யூட்டருக்கும் ரவுட்டர் தனி எண் கொடுக்கிறது. வெளியே போகும்போது, பெரும்பாலும், எல்லாமே ஒரே முகவரியில்தான் போகும். அந்த முகவரிக்குச் சொந்தக்காரர், பில் கட்டுகிறவர்.

2008 ஜூலை 26-ல் அகமதாபாத்தில் வரிசையாகக் குண்டுகள் வெடித்தன. அதற்குச் சற்று முன் வந்த மிரட்டல் மின்னஞ்சலைத் துரத்திய போலீஸ், நவி மும்பையில் ஓர் அமெரிக்கர் வீட்டு வாசலில் போய் நின்றது. விசாரித்தால், பூட்டாமல் கிடந்த அவருடைய வயர்லெஸ் இணைப்பை வேறு யாரோ பயன்படுத்தியிருக்கிறார்கள். அந்த மனிதர் பட்ட பாட்டை யோசித்துப் பாருங்கள்!

பி.காம். படித்தபோது மனப்பாடம் செய்தது ஞாபகம் வருகிறது. 1872-ம் வருட இந்திய ஒப்பந்தச் சட்டம், 128-வது பிரிவு: ஒப்பந்தத்தில் வேறு மாதிரி சொல்லாதவரை, கடன் வாங்கியவருக்குள்ள அதே பொறுப்பு ஜாமீன் போட்டவருக்கும் உண்டு. சட்டத்தின் கண்ணில் வைஃபையும் ஜாமீனும் ஒன்றல்லதான். ஆனால், பாஸ்வேர்டு கொடுப்பவர் தன் பெயரையும் சேர்த்தே கொடுக்கிறார்.

அதற்காகப் பயந்து எல்லோரையும் விரட்டுவதா? கூடாது. அதே சமயம், பூட்ட மறந்த வீட்டைச் சத்திரம் என்றும் சொல்ல முடியாது. யாருக்குக் கொடுக்கிறோம் என்று தெரிந்து, நாளைக்கு ஒன்று என்றால் 'நான்தான் கொடுத்தேன்' என்று நிற்கத் துணிந்து கொடுப்பதுதான் தர்மம். மற்றது வெறும் அசட்டை.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. இணைப்பு மச்சான் பெயரில். தர்மப் பிரபுவாக வாயெடுத்ததோ நான்!

மச்சான் உள்ளே போனார். ரவுட்டரில் விருந்தினருக்கென்று தனி இணைப்பு உண்டாக்கி, அதற்குத் தனி பாஸ்வேர்டு வைத்தார். அந்தப் பொண்ணின் செல்லை வாங்கித் தானே அடித்துக் கொடுத்தார்.

'படிக்கிறதுக்கு மட்டும்தான். யாருக்கும் சொல்லாத தாயி. இது என் பேருல இருக்கு.'

'சரிங்க மாமா.'

அன்றைக்குப் பூராவும் என் லேப்டாப்பில் படம் நின்று நின்றுதான் வந்தது. முறைத் தண்ணீர் என்று நினைத்துக்கொண்டேன்.