தாமதத்தின் அறம்

பெல்மதுளையிலிருந்து பலாங்கொடைக்குச் செல்லும் பாதையெங்கும் தேயிலையும் இறப்பரும் மாணிக்கக் குழிகளும் அடுத்தடுத்துத் தோன்றுகின்றன. இந்தச் சப்ரகமுவச் சரளைமண்ணில் 1904ஆம் ஆண்டளவில் கண்டறியப்பட்ட கருங்கனிமமே தோரியனைற்று. அதனை ஆராய்ந்தவர்களுள் ஆனந்த குமாரசுவாமியும் ஒருவர். இலங்கையிலிருந்து சென்ற அக்கனிமத்தைக் கொண்டே 1905இல் இலண்டனில் ஓட்டோ ஹான் கதிர்த்தோரியத்தைக் கண்டார். அதே ஹான் 1938இன் இறுதியில் ஸ்ட்ராஸ்மனுடன் சேர்ந்து யுரேனியக் கரு பிளவுறுவதை நிறுவினார்.

மறு ஆண்டே வாஷிங்டனில் றொபர்ட்சும் துணைவரும் ஒரு விந்தையைக் கண்டனர். யுரேனியத்தைத் தாக்குவதை நிறுத்திய பின்னரும் நியூத்திரன்கள் சிறிது நேரம் வந்துகொண்டேயிருந்தன. பிளவில் பிறக்கும் புரோமின்-87இன் அரைவாழ்வு ஏறத்தாழ 55 செக்கன். அது பீற்றாத் துணிக்கையை வெளிவிட்டுக் கிரிப்டனாகும்போது, சிலவேளை மிகுசக்தி தாங்காது ஒரு நியூத்திரனை உதறுகிறது. தாமதம் நியூத்திரனுடையதன்று; அதன் தாய்க் கருவினுடையது.

யுரேனியம்-235இல் இத்தகைய நியூத்திரன்கள் நூற்றுக்கு 0.65 அளவே. ஆயினும் அவை இல்லையேல் அணு உலையை மனிதக் கை அடக்கியாள இயலாது. கல்பாக்கத்தில் 1983இல் இயங்கத் தொடங்கிய உலையும் இச்செக்கன்களை நம்பியே ஆளப்பட்டது. நியூத்திரன் மிகுந்த அரிய கருக்களின் இப்பங்கை அளக்க ஜப்பானின் றைக்கன் ஆய்வகத்தில் பொலித்தீன் கட்டைக்குள் ஹீலியம்-3 குழாய்களைப் பதித்தனர். மின்னேற்றமற்ற நியூத்திரன் தன் வழியில் தடம் பதிப்பதில்லை. ஆதலால் அதை மெதுவாக்கிப் பிடித்து, ஒன்றொன்றாக எண்ண வேண்டியிருக்கிறது.

"எதற்கும் காலம் வரவேண்டும், பொறுத்திருங்கள்" என்று தோட்டத் தொழிலாளருக்குச் சொல்வோர் உண்டு. இயற்கையிலும் தாமதம் இருக்கிறதே என்று அவர்கள் வாதிடலாம். 1948ஆம் ஆண்டுச் சட்டம் இம்மலைகளில் உழைத்தோரை நாடற்றவராக்கியது. மறு ஆண்டு வாக்குரிமையும் போயிற்று. 1964இல் இரு அரசுகள் அவர்களைத் தொகைகளாகப் பங்கிட்டன. 1988ஆம் ஆண்டுச் சட்டத்திற்குப் பின்னும் எஞ்சியோருக்கு 2003இலேதான் வழி திறந்தது. அங்கே 55 செக்கன். இங்கே 55 ஆண்டு!

இவ்விரண்டையும் ஒன்றெனக் கொள்வது பெரும் பிழை. கருவின் தாமதத்தை எவரும் விதிக்கவில்லை. அங்கே குற்றவாளி இல்லை. உரிமையின் தாமதத்திலோ கையொப்பமும் தேதியும் இருக்கின்றன. முன்னது கட்டுப்படுத்துவோனுக்குக் கிடைத்த அவகாசம். பின்னது காத்திருப்போனிடமிருந்து பறித்த வாழ்வு.

காலம் தானாக எதையும் தீர்த்துவிடுவதில்லை. உலையருகே நிற்பவன் கிடைத்த செக்கன்களை உறங்கிக் கழித்தால் அவகாசமே ஆபத்தாகிவிடும். ஆட்சிக்கும் நமக்கும் அதே விதிதான். கண்ணுக்குத் தெரியாத துகளையும் விடாது எண்ணும் பொறுமையை விஞ்ஞானம் நமக்குக் கற்பித்திருக்கிறது. காணியும் வீடும் இன்றி லயத்தில் இன்னும் காத்திருப்போரையும் அவ்வாறே விடாது எண்ணுவோமா?