சரி என்பது புள்ளியா, இடைவெளியா?

ரைஃபிளுக்குப் புதுக் குழல் மாட்டுகிறவர் கடைசியாக ஒரு தூரத்தைச் சரிபார்த்தாக வேண்டும். பூட்டிய போல்ட்டின் முகப்பிலிருந்து, தோட்டாவை மேற்கொண்டு நகரவிடாமல் குழலின் அறை தடுத்து நிறுத்தும் இடம் வரையுள்ள தூரம் அது; ஹெட்ஸ்பேஸ் என்பார்கள். குறைந்துபோனால் போல்ட் பூட்டாது. மிகுந்துபோனால், சுடும்போது பித்தளைக் கூடு இழுபட்டு அறுந்து, சூடான வாயு சுடுகிறவரின் முகத்தை நோக்கியே பாயலாம். இதைச் சோதிக்க அறைக்குள் வைக்கும் அளவுக்கட்டைகள் கேஜ்கள். .308 வின்செஸ்டர் தோட்டாவுக்கான கோ கேஜின் அளவு 1.630 அங்குலம்; நோ-கோ கேஜின் அளவு 1.634. முதலாவதை வைத்தால் போல்ட் பூட்ட வேண்டும்; இரண்டாவதை வைத்தால் பூட்டவே கூடாது. நடுவில் இருப்பது சுமார் 0.1 மில்லிமீட்டர். அதற்குள் எங்கே அமைந்தாலும் வேலை சரிதான். நல்லொழுக்கம் ஒரே புள்ளியா, எல்லை கட்டிய இடைவெளியா என்ற பழைய கேள்விக்கு இந்தப் பட்டறை வழக்கம் விடை தருகிறது என்பது என் வாதம்.

வீரம் கோழைத்தனத்துக்கும் முரட்டுத் துணிச்சலுக்கும் நடுவில் நிற்கிறது என்ற அரிஸ்டாட்டில், அந்த நடுவைக் கண்டுபிடிப்பதை வட்டத்தின் மையத்தைக் கண்டுபிடிப்பதோடு ஒப்பிட்டார். ஆனால் சற்றே விலகுகிறவரை யாரும் பழிப்பதில்லை என்பதையும் அவரே ஒப்புக்கொள்கிறார். அங்கேயே புள்ளி இடைவெளியாகிவிடுகிறது. இடைவெளி என்றால் இரண்டு சோதனைகள் தேவை. ஒன்று மற்றொன்றின் வேலையைச் செய்யாது. அளவுக்கு மீறி ஆழமாகக் குடைந்த அறையிலும் கோ கேஜை வைத்துப் போல்ட்டைப் பூட்டிவிடலாம். கூலியாட்களை ஏமாற்றிச் சேர்த்த பணத்தில் அன்னதானம் செய்கிறவரும் ‘கொடு’ என்ற சோதனையில் தேறிவிடுவார். ‘பறிக்காதே’ என்ற சோதனையில்தான் பிடிபடுவார். வேத வாக்கியங்களுக்குப் பொருள் கண்ட மீமாம்சகர்கள் ‘செய்’ என்னும் விதியையும் ‘செய்யாதே’ என்னும் நிஷேதத்தையும் தனித்தனியே வைத்து ஆராய்ந்ததற்கு இப்படி ஒரு நியாயமும் சொல்லலாம்.

இடைவெளிக்கு இடம் கொடுத்தால் ஒழுக்கம் தளர்ந்துவிடாதா என்று கேட்கலாம். எவ்வளவு இடம் என்பதை வேலைக்காரரின் வசதி தீர்மானித்தால் தளரத்தான் செய்யும். இங்கே அதைத் தீர்மானிப்பது பித்தளை எவ்வளவு தாங்கும் என்பது. தோட்டாக்களும் ஒன்றுபோல் ஒன்று இருப்பதில்லை. ஒரே புள்ளியை வற்புறுத்தும் அறை நல்ல தோட்டாவையும் ஏற்காது. அப்படியானால் ஆளுக்கொரு நியாயமா என்பது அடுத்த கேள்வி. லீ-என்ஃபீல்ட் நம்பர் 4 ரைஃபிளுக்கு 0 முதல் 3 வரை எண்ணிட்ட போல்ட் தலைகள் இருந்தன. ஒரு ரைஃபிளுக்கு ஒரு தலை பொருந்தும், இன்னொன்றுக்கு வேறொன்று. எல்லை மட்டும் எல்லாவற்றுக்கும் ஒன்றே. மல்யுத்த வீரன் மைலோவுக்குப் போதாத உணவு, பயிற்சியைத் தொடங்குகிறவனுக்கு மிகை என்று அரிஸ்டாட்டில் சொன்னதும் இவ்வகைதான். ஆளுக்கு ஆள் மாறுவது எல்லைக்குள் வந்துசேரும் வழி.

கொல்லும் கருவியை வைத்து அறம் பேசலாமா என்பது இவற்றைவிடக் கனமான ஆட்சேபம். கேஜ் சொல்வது குழல் பொருந்தியதா என்பதை மட்டுமே. அந்த ரைஃபிளை எடுக்கலாமா என்பதில் அதற்கு வாயில்லை. தொழிலில் தெரிந்தே தவறு செய்கிறவர் தெரியாமல் செய்கிறவரைவிட மேல், அறத்தில் அது தலைகீழ் என்று அரிஸ்டாட்டில் பிரித்ததும் இதனால்தான். வேண்டுமென்றே குழலைப் பிசகாக மாட்டுகிறவரின் கைத்திறன் குறைந்துவிடாது; தெரிந்தே தீங்கு செய்கிறவரை நல்லவர் என்று சொல்லவே முடியாது. இன்னொரு வேறுபாடும் உண்டு. பட்டறையில் கேஜ் ரைஃபிளுக்கு வெளியே இருக்கிறது. மனிதரிடம் அளப்பவரும் அளக்கப்படுபவரும் ஒருவரே. நடத்தையைத் திருத்துவதைவிட எல்லையைத் தள்ளி வைத்துக்கொள்வது அவருக்கு எளிது. ஆகவே செய்யக் கூடாதவற்றை ஆசை எழுவதற்கு முன்பே, பிறர் அறிய வகுத்துக்கொள்ள வேண்டும். நோன்புகளையும் விரதங்களையும் சமயங்கள் பலர் முன்னிலையில் ஏற்கச் சொல்வதன் பயன் அதுவே.