கழித்தால் வருவதா நிறைவு?

அமெரிக்கக் கல்லூரிப் பெண்கள் ஜிம்னாஸ்டிக்ஸில் முழுமைக்கு ஓர் எல்லை உண்டு: 10. போதிய கடினம் இருந்தால் கணக்கு அங்கிருந்து தொடங்கும். வளைந்த முழங்கால், தரையிறங்கும்போது தடுமாறிய ஓர் அடி என நடுவர்கள் கழித்துக்கொண்டே வருவார்கள். ஒரு கருவியில் அறுவர் ஆட, சிறந்த ஐந்து மதிப்பெண்களே சேரும். நான்கு கருவிகளுக்கும் அணியின் உச்சம் 200.

குறையில்லாமல் இருப்பதுதான் நிறைவா?

கள்ளக்குறிச்சி மாவட்டத்துத் திருக்கோவிலூருக்கு அருகே, திருவெண்ணெய்நல்லூரில், 13ஆம் நூற்றாண்டில் சிவஞானபோதம் தந்தவர் மெய்கண்டார். அவர் வழிவந்த சைவ சித்தாந்தத்தில் உயிர் பத்தில் தொடங்குவதில்லை. செம்பில் களிம்புபோல் ஆணவம் என்னும் மலம் அநாதியாகவே அதைப் பற்றியிருக்கிறது. அருளால் அது நீங்குவது பாசநீக்கம். அதோடு முடிந்துவிடவில்லை, சிவத்தை அடையும் சிவப்பேறும் வேண்டும். நீங்குவதும் பெறுவதும் சேர்ந்ததே முத்தி என்னும் இந்தப் பார்வை, வெறும் கழித்தலைவிட ஆழமானது.

2006 முதல் உலக ஜிம்னாஸ்டிக்ஸ் போட்டிகளிலும் இரண்டு கணக்குகள். செய்நேர்த்திக்கு 10இலிருந்து கழிக்கிறார்கள். கடினத்துக்கு உச்சவரம்பின்றிக் கூட்டுகிறார்கள். 2016 ரியோ ஒலிம்பிக்கில் திரிபுராவின் தீபா கர்மாக்கர், உயிருக்கே ஆபத்தான புரோடுனோவா தாவலைத் தேர்ந்தார். கடினம் 7.0, செய்நேர்த்தி 8.266. இரு தாவல்களின் சராசரி 15.066, வெண்கலம் 0.150 புள்ளியில் நழுவியது. கழித்தல் கணக்கு மட்டுமே இருந்திருந்தால், அந்தத் துணிவு எந்தக் கட்டத்திலும் பதிவாகியிருக்காது.