கருணைக்குக் கல்வி வேண்டுமா?

நர்ஸ் வேலைக்கு இளகிய மனம் இருந்தால் போதும், மற்றவை தாமே வந்துவிடும் என்று நம்மில் பலர் நினைக்கிறோம். எய்ட்ஸ் என்ற வியாதி இந்த எண்ணத்தைச் சோதித்துப் பார்த்தது.

1986-இல் சென்னையில் டாக்டர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி நிர்மலாவும் எச்.ஐ.வி. கிருமி இந்தியாவில் இருப்பதை முதன்முதலாகக் கண்டறிந்தார்கள். பின்வந்த ஆண்டுகளில், எத்தனையோ ஆஸ்பத்திரிகளில் இந்நோயாளிகளின் கட்டில் மூலைக்குத் தள்ளப்பட்டது. சாப்பாட்டுத் தட்டு எட்ட நின்று நீட்டப்பட்டது. அப்படிச் செய்தவர்களெல்லாம் கல்நெஞ்சக்காரர்களா? அல்ல. வீட்டில் குழந்தை இருக்கிறதே என்று பயந்தவர்கள். அந்தப் பயம் உபதேசத்தால் போகாது. விஷயம் தெரிந்தால்தான் போகும்.

தெரிய வேண்டியதும் மலையளவு அல்ல. தொடுவதாலும், உடம்பு துடைத்து விடுவதாலும், இருமலாலும் இது தொற்றாது. கிருமியுள்ள ரத்தம் பட்ட ஊசி குத்திவிட்டாலும், தொற்றுவது ஆயிரத்தில் சுமார் 3 தடவைதான். உடனே சோப்புப் போட்டுக் கழுவி, எவ்வளவு சீக்கிரம் முடியுமோ அவ்வளவு சீக்கிரம், 72 மணி நேரத்துக்கு மேல் போகாமல், மருந்தைத் தொடங்கி 28 நாள் சாப்பிட்டால் அந்த அபாயமும் வெகுவாகக் குறைந்துவிடும்.

“நோயுள்ளவர் கட்டிலில் ஓர் அட்டை மாட்டிவிட்டால் ஜாக்கிரதையாக இருக்கலாமே?” என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமாகத்தான் படுகிறது. ஆனால் அட்டையை நம்பும் கை, அட்டையில்லாத கட்டிலில் உறையின்றி ரத்தத்தைத் துடைக்கும். தொற்றிய தொடக்க வாரங்களில் சோதனையில்கூட அது தெரியாமல் போகலாம். ஆகையால் எவர் ரத்தமானாலும் ஒரே ஜாக்கிரதை என்பதே சரியான பாடம். கையுறை ரத்தத்துக்காக, மனிதருக்காக அல்ல. நெற்றியைத் தொட்டுப் பார்க்க அது எதற்கு? யாரையும் ஒதுக்காமல் இருப்பது தர்மம் என்று பெரியவர்கள் சொன்னார்கள். அதுவே பத்திரமான வழியும்கூட என்று வைத்தியம் சொல்கிறது.

2017-இல் இயற்றிய எச்.ஐ.வி. சட்டம், நோயாளியிடம் பாகுபாடு காட்டக்கூடாது என்பதோடு நிற்கவில்லை. ஊழியர்களுக்குப் பாதுகாப்புச் சாதனமும் பயிற்சியும் தருவது ஆஸ்பத்திரியின் கடமை என்றும் சொல்கிறது. அதில்தான் நியாயம் இருக்கிறது. நர்ஸிடம் கருணையை எதிர்பார்க்க நமக்கு உரிமை உண்டு. ஆனால், கற்றுக் கொடுக்காமல், கையுறையும் கொடுக்காமல், கருணையை மட்டும் கேட்பது எந்த ஊர் நியாயம்?