ஆற்றின் ஒளி யாருக்குரியது?

கொட்டியாரக்குடாவின் ஓரத்திலே அமைந்த கிண்ணியாவில் நின்று நோக்குவோர்க்கு மகாவலி ஆரவாரமற்ற நதியாகவே தோன்றும். மலைநாட்டில் ஊற்றெடுத்து, 335 கிலோமீற்றர் தூரத்தைக் கடந்து இக்குடாவிலே கடலோடு கலக்கும் அந்நதி, நம்மிடம் வந்து சேரும்போது விழுவதற்கு உயரமில்லாத வெறும் நீராகவே வந்து சேர்கிறது. அதன் வலு வழியிலேயே எடுக்கப்பட்டுவிட்டது. 1976இல் உக்குவெலை, 1985இல் கொத்மலையும் விக்டோரியாவும், 1986இல் ரந்தெனிகல, 1990இல் ரந்தம்பே என ஒன்றன்பின் ஒன்றாக மின்நிலையங்கள் எழுந்தன. விக்டோரியா ஒன்றே 210 மெகாவாட் வலுவுடையது. அவ்வணைகளுக்காக மேட்டுநில மக்கள் தம் வயல்களையும் வழிபாட்டிடங்களையும் நீருக்குள் விட்டுப் பெயர்ந்தார்கள். பள்ளத்திலிருந்த நாம் மாரிதோறும் வெள்ளத்தை எதிர்பார்த்து வாழப் பழகினோம்.

கடைமடையில் வாழ்பவனுக்கு, தலைமதகில் நடப்பதைப்பற்றிக் கேள்வி கேட்கும் உரிமை உண்டு. 2006 யூலையில் மாவிலாற்று மதகு மூடப்பட்டபோது, மதகின் மீது யாருடைய கை இருக்கிறது என்பது வாழ்வையும் சாவையும் தீர்மானிக்கும் கேள்வி என்பதை இப்பிரதேசம் கண்ணீரோடு கற்றுக்கொண்டது. நீரைப்பற்றிய அக்கேள்வியையே நீரிலிருந்து பிறக்கும் ஒளியைப்பற்றியும் நாம் கேட்க விரும்புகிறோம். ஆற்றின் ஒளி யாருக்குரியது? அதைப்பற்றித் தீர்மானிப்போர் யார்?

இக்கேள்விக்கு இந்நாட்டின் மலைக்கிராமங்கள் சில, ஏட்டிலன்றிச் செயலிலே விடை கூறியிருக்கின்றன. 1990களிலிருந்து சப்ரகமுவ, மத்திய மாகாணம், தெற்கு ஆகிய பகுதிகளில், மின்கம்பி எட்டாத நூற்றுக்கு மேற்பட்ட சிற்றூர்களில் சிறு நீர்மின் நிலையங்கள் எழுந்தன. அவற்றின் அமைப்பு எளியது. ஓடையைக் குறுக்கே மறித்துச் சிறு அணை கட்டி, வாய்க்கால் வழியே நீரை ஒரு தொட்டிக்குக் கொண்டுவந்து, அங்கிருந்து குழாய் மூலம் கீழே விழச்செய்து சுழலியைச் சுற்றவைப்பதே முறை. நீர் அழிவதில்லை, சுழலியைச் சுற்றியபின் மீண்டும் ஓடைக்கே திரும்புகிறது. வாய்க்காலை வெட்டியோரும் குழாய்களைத் தோளிற் சுமந்து மலையேறியோரும் அவ்வூர் மக்களே. அவர்கள் மின் நுகர்வோர் சங்கம் அமைத்து, கடனைப் பொறுப்பேற்று, மாதக் கட்டணத்தைத் தாமே வகுத்தார்கள்.

இங்கேதான் அறப்பிரச்சினை எழுகிறது. விநாடிக்குப் பத்து லீற்றர் நீர் ஐம்பது மீற்றர் உயரத்திலிருந்து விழுமானால், இழப்புகள் போக ஏறத்தாழ இரண்டரைக் கிலோவாட் கிடைக்கும். இருபத்தைந்து வீடுகளுக்குப் பங்கிட்டால் வீட்டுக்கு நூறு வாட். ஒரு வீட்டார் ஆயிரம் வாட் இழுக்கும் இஸ்திரிப்பெட்டியை மாலையில் செருகினால், பத்து வீடுகளின் பங்கை அவர்கள் ஒருவரே எடுத்துக்கொள்கிறார்கள். நகரத்தில் நாம் விசையை அழுத்தும்போது யாருடைய விளக்கு மங்குகிறது என்பதை அறிவதில்லை. அச்சிற்றூரிலோ மங்கும் விளக்கு அடுத்த வீட்டுப் பிள்ளையின் விளக்கு. ஆகவே பங்கீடு என்பது அங்கே மேடைப்பேச்சு அன்று. கூடிப் பேசி முடிவெடுக்க வேண்டிய அன்றாடக் காரியம். ஓடும் ஆற்றங்கரையில் வுழூச் செய்யும்போதும் நீரை வீணாக்கலாகாது என்பது கிண்ணியாவின் பிள்ளைகள் சிறுவயதிலேயே கேட்கும் போதனை. அப்போதனையின் பொருளை மலையோரச் சங்கங்கள் மின்சாரத்தில் கண்டன.

எனினும் இதைக் கண்டு மயங்கிவிடுதல் ஆகாது. சிறியது என்பதனாலேயே ஒன்று நல்லதாகிவிடுமா? இந்நாட்டின் தேயிலைத் தோட்டங்களில் ஒரு நூற்றாண்டுக்கு முன்னரே நூற்றுக்கணக்கான சிறு சுழலிகள் ஓடின. அவையும் ஓடைநீரில் ஓடியவையே. ஆனால் அவை சுழற்றியவை கொழுந்தை உருட்டும் இயந்திரங்களை. ஆலையிலே ஒளி இருந்தது. அக்கொழுந்தைப் பறித்த தமிழ்த் தொழிலாளரின் லயக்காம்பராக்களோ தலைமுறை தலைமுறையாகக் குப்பி விளக்கின் புகையிலே கிடந்தன. அதே ஓடை, அதே சுழலி. ஆனால் சொந்தக்காரன் வேறு. எனவே நீதி இயந்திரத்தின் அளவில் இல்லை. இயந்திரத்தின்மீது அதிகாரம் யாருக்கு என்பதிலேயே இருக்கிறது.

மற்றொரு வாதத்தையும் நேர்மையோடு எதிர்நோக்க வேண்டும். கொழும்பில் வாழ்பவனுக்குக் கம்பி வாசலுக்கே வரும். மலையோர விவசாயி மாத்திரம் வாய்க்கால் வெட்டி, கடன் தாங்கி, நூறு வாட்டுடன் திருப்தியடைய வேண்டுமா? ஏழைக்குச் சிக்கனத்தைப் போதிப்பது வசதி படைத்தோரின் பழைய பழக்கம். அரிசி ஆலைக்கும் குளிர்சாதனப் பெட்டிக்கும் அச்சிற்றூர்ப் பெண் ஆசைப்படுவதைப் பேராசை என்று கூற, அவற்றை அனுபவித்துக்கொண்டிருக்கும் நமக்கு அருகதை இல்லை. சுயஉதவி என்ற பெயரால் அரசு தன் கடமையிலிருந்து நழுவிச்செல்ல நாம் இடமளித்தலும் கூடாது.

முற்போக்காளராகிய நாம் நெடுங்காலம் இவ்வாதத்தின் பக்கமே நின்றோம். 1920இல் சோவியத் நாடு வகுத்த மின்மயமாக்கல் திட்டம், முப்பது பெரும் மின்நிலையங்களைக் கொண்டு ஒரு தேசத்தையே இருளிலிருந்து மீட்கக் கனவு கண்டது. அக்கனவு நம்மையும் ஆட்கொண்டது. அதற்காக நாம் வெட்கப்பட வேண்டியதில்லை. ஆனால் மின்சாரம் எல்லோருக்கும் கிடைத்தால் அதிகாரமும் எல்லோருக்கும் கிடைத்துவிடும் என்று நாம் எண்ணியது பிழை.

அப்பிழையை நமது நாட்டு அனுபவமே காட்டுகிறது. பின்னைய ஆண்டுகளில் தேசிய மின்கம்பி அச்சிற்றூர்களையும் அடைந்தது. அது மக்கள் நியாயமாகக் கேட்டுப் பெற்ற உரிமை. ஆயின் கம்பி வந்ததும் சங்கங்கள் பல கலைந்தன, சுழலிகள் துருப்பிடித்தன. கூடிப் பேசித் தீர்மானித்த மக்கள், சிட்டைக்குப் பணம் கட்டும் தனித்தனிப் பாவனையாளர் ஆனார்கள். 2022 மார்ச் இறுதியில், எரிபொருள் வாங்க அந்நியச் செலாவணி இன்றி நாடெங்கும் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணித்தியாலம் வரை மின்சாரம் துண்டிக்கப்பட்டது. எவ்வளவு இருள், எப்போது இருள் என்பதைக்கூட மக்களில் எவரும் தீர்மானிக்கவில்லை. கடலோரத்து நாமும் மலையோரத்து அவர்களும் ஒரேவிதமாகக் காத்திருந்தோம்.

கம்பியா, ஓடையா என்று கேட்பதே தவறு. ஓடையின் சுழலியைத் தேசியக் கம்பியோடு இணைத்து, மிகுந்த மின்சாரத்தைச் சங்கமே சபைக்கு விற்க வழிசெய்வது தொழில்நுட்பத்துக்கு இயலாத காரியமன்று. மக்கள் பெற்ற வசதியையும் காக்கலாம். அவர்கள் கற்ற ஆட்சியையும் காக்கலாம். முன்னதை மட்டும் கொடுத்துப் பின்னதைப் பறிப்பதை வளர்ச்சி என்று நாம் ஒப்புக்கொள்ள இயலாது.

இது மலைநாட்டாரின் விவகாரம், விழும் நீரில்லாத நமக்கு இதில் என்ன என்று கிண்ணியாவில் எவரும் கேட்கவேண்டாம். நமக்கு வெயில் உண்டு. குடாவுக்கு அப்பால் சம்பூரில், போரினால் இடம்பெயர்ந்த மக்களின் நிலத்தருகே எழவிருந்த நிலக்கரி மின்நிலையம் 2016இல் கைவிடப்பட்டது. அங்கே 120 மெகாவாட் சூரிய மின்திட்டத்துக்கு 2025 ஏப்ரலில் அடிக்கல் நாட்டப்பட்டது. கரியைவிட வெயில் தூயது, அதை வரவேற்கிறோம். ஆனால் தூய்மை ஒன்றே நீதி ஆகிவிடாது. மூதூரிலும் சம்பூரிலும் கிண்ணியாவிலும் வாழும் உழவரும் மீனவரும் அத்திட்டத்தின் கூட்டத்தில் உட்கார இடம் உண்டா? வருமானத்தில் அவர்களுக்குப் பங்கு உண்டா? நிலத்தின் மீது அவர்கள் சொல்லுக்கு மதிப்பு உண்டா?

நமது வகுப்பறைகளில் மகாவலியைப்பற்றிப் பாடம் நடத்தும் ஆசிரியர்கள் அதன் நீளத்தையும் அணைகளின் ஆண்டுகளையும் கற்பிக்கிறார்கள். அவற்றோடு இக்கேள்விகளையும் கரும்பலகையில் எழுதுவோமாக. விடைகளை மாணவர்கள் புத்தகத்திலே தேட வேண்டியதில்லை. குடாவின் அக்கரைக்குச் சென்று, அங்குள்ள மக்களைக் கேட்டு வரட்டும்.