முழங்காலுக்கு என்ன வயது?

சின்னசேலம் பக்கம் நைனார்பாளையத்தில், என் அத்தை வீட்டுத் திண்ணையில் போன பொங்கலுக்கு ஒரு பஞ்சாயத்து. அத்தைக்கு 74 வயது. இடது முழங்காலின் உள்பக்கம் தேய்ந்துவிட்டது. முழு மூட்டையும் மாற்ற வேண்டாம், தேய்ந்த பகுதியை மட்டும் மாற்றினால் போதும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். 'இந்த வயசுல எதுக்கு இவ்வளவு செலவு?' என்று முதலில் கேட்டது யார் தெரியுமா? அடியேன்தான். பி.காம். படித்த புத்தி!

அத்தை உள்ளே வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். அவரை யாரும் கேட்கவில்லை.

வேடிக்கை என்னவென்றால், அத்தையின் மருமகளுக்கும் அதே வலி. வயது 52. அவரை, 'உங்களுக்கு வயசு கம்மி, கொஞ்ச வருஷம் பொறுங்க' என்று அனுப்பிவிட்டார்கள். ஒருவருக்கு வயதாகவில்லை. இன்னொருவருக்கு வயதாகிவிட்டது. அப்புறம் சரியான வயதுதான் எது?

டாக்டர்களே இதில் மனசு மாறியவர்கள்தான். 1989-ல் கோசின், ஸ்காட் என்ற இரண்டு அமெரிக்க மருத்துவர்கள், பகுதி மூட்டு மாற்றத்துக்கு வயது 60-ஐத் தாண்டியிருக்க வேண்டும், எடை 82 கிலோவுக்குள் இருக்க வேண்டும் என்று விதி போட்டார்கள். பிற்பாடு ஆக்ஸ்ஃபோர்டு மருத்துவர்கள், தாங்கள் ஆபரேஷன் செய்தவர்களைப் பல வருடம் கவனித்துவிட்டு, வயதை மட்டும் காட்டி மறுக்கத் தேவையில்லை என்றார்கள்.

அதற்காக வயதுக்குக் கணக்கே இல்லை என்று சொல்ல முடியாது. முழு மூட்டு மாற்றம் பற்றி 2017-ல் 'லான்செட்' இதழில் ஒரு பிரிட்டிஷ் ஆய்வு வந்தது. 70 வயதைத் தாண்டிச் செய்துகொண்டவர்களில் 100-க்கு சுமார் 5 பேருக்குத்தான் மீதி ஆயுளில் மறு ஆபரேஷன் தேவைப்படும். ஐம்பதுகளின் தொடக்கத்தில் செய்துகொண்ட ஆண்களுக்கு இது 35 வரை போகிறது. பெண்களுக்கு அதைவிடக் குறைவு. பகுதி மூட்டிலும் இளையவர்களுக்குத்தான் மறு ஆபரேஷன் அதிகம்.

ஆனால் கவனியுங்கள். இது மூட்டின் ஆயுள் கணக்கு. 74-ல் மூட்டு 'ஜெயிக்க' ஒரு காரணம், அது தேய்வதற்குள் ஆள் போய்விடுவது. 52-ல் 'தோற்க' ஒரு காரணம், ஆள் நிறைய வருஷம் நடந்திருப்பது! காலேஜில் நாங்கள் போட்ட தேய்மானக் கணக்கும் இப்படித்தான். மெஷின் எத்தனை வருஷம் ஓடும் என்று சொல்லும். யாருக்காக ஓடியது என்று சொல்லாது.

வாஜ்பாய் 2000 அக்டோபரில் மும்பையில் முழங்கால் மூட்டு மாற்றிக்கொண்டபோது அவருக்கு 75 வயது. அடுத்த வருஷமே இன்னொரு காலுக்கும் செய்துகொண்டார். பிரதமரைப் பார்த்து 'இந்த வயசுல எதுக்கு?' என்று நான் கேட்டிருப்பேனா? மாட்டேன். அவருக்கு வேலை இருக்கிறது. அத்தைக்கு என்ன வேலை? என் கேள்விக்குள் ஒளிந்திருந்த அசிங்கம் இதுதான்.

பணம் மரத்தில் காய்ப்பதில்லை, ஒப்புக்கொள்கிறேன். ஆபரேஷனில் ஆபத்தும் உண்டு. கணக்குப் பார்ப்பது பாவமில்லை. வயதையே விடையாக எழுதிவிட்டு, அப்புறம் கணக்குப் போடுவதுதான் பாவம்.

கடைசியில் உள்ளே போய்க் கேட்டேன். "எனக்கு ஓடணும்னு ஆசை இல்ல தம்பி. ராத்திரியில கொல்லைப்பக்கம் போக ஒருத்தரையும் எழுப்பக் கூடாது. அவ்வளவுதான்" என்றார்.

எந்த ஆய்விலும் இந்த வரி இல்லை. டாக்டர் எண்களைச் சொல்லட்டும், பிள்ளைகள் பணத்தைச் சொல்லட்டும். வேணுமா, வேண்டாமா என்பதை, வலிக்கிற கால் யாருடையதோ அவர் சொல்லட்டும்.

உங்கள் வீட்டிலும் யாராவது உள்ளே வெங்காயம் உரித்துக்கொண்டிருக்கிறார்களா? முதலில் அவரைத் திண்ணைக்குக் கூப்பிடுங்கள்.